முதுகில் என்ன எழுதியிருக்கு?

— அறிக்கையில ரெண்டு தரப்பும் அமைதி காக்கோணும்னு போட்டிருக்கீங்களே, எந்த ரெண்டு தரப்புங்க? அடிச்சவனுக ஒரு தரப்பு, சரி. அடி வாங்கிட்டு ஜி.எச்.ல கெடக்கறவன் இன்னொரு தரப்பா?

— மெதுவாப் பேசு அம்மிணி. ஆபீஸ் கதவு தொறந்து கெடக்குது.

— கெடந்தா என்னங்க? கேக்கறதுக்கு உள்ள ஆரு இருக்கறாங்க? மிசினெல்லாம் துணியப் போத்திட்டுத் தூங்குது. அடிக்குப் பயந்து வடக்கத்திப் பசங்க ஆரும் வர்ல, அயர்ன் டேபிள்ல ஆளில்ல. செக்கிங்ல ரெண்டு பொம்பளைங்க உக்காந்து போனைப் பாத்துட்டு இருக்கறாங்க. அவங்க பாக்கறதும் அவனை அடிச்ச அந்த வீடியோவைத்தான்.

— அதான் சொல்றேன். அவங்க காதுல உழுகும்.

— உழுகட்டுமே. ஊரு காதுலயே உழுந்திருச்சு. நம்ம பனியன் கம்பெனிப் பையனை நம்ம வார்டு பேக்கரி முன்னால வெச்சு அடிச்சிருக்கறானுக. கவுன்சிலர் ரத்தினசாமி வாயத் தொறக்கவே இத்தனை நாளாச்சு. தொறந்ததும் இதைச் சொல்லத்தானாங்கறாங்க.

— அறிக்கைன்னா அப்படித்தான் இருக்கும் நஞ்சா. கட்சியில எழுதிக் குடுத்த வார்த்தை அது. நானா எழுதுனேன்?

— பேரு உங்குளுதுதானுங்க? போட்டோவும் உங்குளுது. கையெடுத்துக் கும்புட்டுட்டு நிக்கறீங்க. ஆரைக் கும்புடறீங்கன்னுதான் எனக்கு வெளங்கல.

— நீ கம்பெனியப் பாரு. அரசியலை நான் பாத்துக்கறேன்.

— உங்க வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போடறவ நானுங்க. அந்த மட்டுக்கு அரசியல் எனக்கும் தெரியும்.

— தெரிஞ்சா இப்படிப் பேசமாட்ட. வார்டுக்குள்ள ஒரு சுத்து நடந்து பாரு. டீக்கடை, சலூன், ரேசன் கடை, எங்க போனாலும் ஒரே பேச்சு. வடக்கன் வந்து வாடகைய ஏத்தி உட்டான், வடக்கன் வந்து கூலியக் கொறச்சு உட்டான். இதுக்கு நடுவுல நான் போய் நின்னுட்டு அந்தப் பையனுக்காகப் பேசுனேன்னு வெய்யி, வடக்கன் கவுன்சிலர்னு பேரு கட்டி உட்டுருவானுக. எலக்சன் வருது. அவங்களுக்கு இங்க ஓட்டாச்சும் இருக்குதா?

— வாடகைய ஏத்துனது அவங்களா? நாமதானுங்க. லைன் ஊடு ஆருது? ஒரு ரூமுல அத்தனை பேரைப் பாய் மேல பாய் போட்டுப் படுக்க வெச்சு, தலைக்கு இவ்வளவுன்னு வாங்குறது ஆரு? கூலியக் கொறச்சுக் குடுத்ததும் நாமதான். அவங்களா வந்து, மொதலாளி, எனக்குக் கொறச்சுக் குடுங்கன்னு கேட்டாங்க?

— ஊருல நாலு பேரு பண்றதைத்தான் நானும் பண்றேன்.

— சரி, அது போகட்டும். அந்தப் பேச்சுக்கு இப்ப நான் வர்ல. அடிச்சதைப் பத்திக் கேக்கறேன். அடிச்சது தப்புன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்றதுக்கு உங்குளுக்கு என்னங்க கேடு?

— அடிச்சது ஆருன்னு தெரிஞ்சுக்கிட்டே கேக்கற பாரு.

— தெரியும். உங்கக்கா மவன் தரணி. கூட அவன் சேக்காளிக. மண் காக்கும் படைன்னு பேரு வெச்சுட்டுத் திரியறானுக. காக்கற மூஞ்சியப் பாரு. அவங்கப்பன் தோட்டத்துல சோளத்தட்டு காஞ்சு நிக்குது, அறுக்க ஆளில்ல. இவன் காக்கறானாமா மண்ணை.

— அக்கா காத்தால இருந்து அழுதுட்டு இருக்குது. மாமங்காரனே கையக் காட்டி உட்டா போலீசு சும்மா இருக்குமாங்குது. தரணிக்கு இப்பத்தான் பொண்ணு பேசி முடிச்சிருக்குது. வெத்தலை பாக்கு மாத்தியாச்சு. நான் என்ன பண்ணட்டும் சொல்லு.

— பொண்ணு ஊட்டுக்காரங்க வீடியோ பாக்கலீங்களா?

— பாத்தாங்களாமா. மாப்பிள்ளை தைரியசாலியா இருக்கறாருன்னு சொன்னாங்களாமா.

— அட சாமி.

— பாத்தியா. ஊரு அப்படி இருக்குது. என்னை மட்டும் புடிச்சு உலுக்குனா என்ன வரும்?

— ஊரு அப்படி இருக்கறதுனாலதானுங்க தலைவருன்னு ஒருத்தரை வெக்கறது. ஊரு சொல்றதைத் திருப்பிச் சொல்றதுக்கு மைக்செட்டு போதுமே.

— நல்லாப் பேசற. எல்லாம் பேசு. நீ காத்தால எங்க போனேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத.

— ஒளிச்சுட்டா போனேன்? மினி பஸ்ஸுல சோத்துத் தூக்குப் போசியை மடியில வெச்சுட்டுத்தான் போனேன். கவுன்சிலர் சம்சாரம் எங்கீங்க போறீங்கன்னு கண்டக்டரு கேட்டாரு. ஆசுபத்திரிக்குன்னேன். ஆருக்கு ஒடம்பு சரியில்லன்னாரு. நம்ம கம்பெனிப் பையனுக்குன்னேன். டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு அவரு முன்னால போயிட்டாரு, பஸ்ஸுல அல்லாரும் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

— எப்படி இருக்கறான்?

— இப்பத்தான் கேக்கோணும்னு தோணுச்சா உங்குளுக்கு?

— கேக்கறேன்ல. சொல்லு.

— தாடை வீங்கிக் கெடக்குது. மெல்ல முடியல. ரசஞ்சோத்தைக் கரைச்சு ஊத்திட்டு வந்தேன். வலது கையில கட்டுப் போட்டிருக்குது. அயர்ன் பாக்ஸ் புடிக்கற கைங்க அது. காலர் மடிப்பை எப்படி உக்கார வெப்பான்... ஒரு பீஸு திரும்பி வந்திருக்குமா அவன் கையில இருந்து?

— உம்.

— உங்களைத்தான் கேட்டான். மொதலாளி நல்லா இருக்காரா அக்கான்னு. வாயி தொறக்க முடியல, பல்லைக் கடிச்சுட்டே கேக்கறான்.

— ஜார்க்கண்டுக்காரந்தானே அவன்? மங்ருதானே பேரு?

— நம்மகிட்ட ரெண்டு தீவாளி பாத்துட்டான். இன்னும் பேரு மங்ருதானேன்னு கேக்கறீங்க. அவன் இன்னொன்னும் கேட்டானுங்க. அதைச் சொல்லத்தான் பஸ்ஸு எறங்குனதும் நேரா இங்க வந்தேன்.

— என்ன கேட்டான்?

— அக்கா, நான் போட்டிருந்த அந்தச் சட்டை முதுகுல என்ன எழுதி இருக்குன்னான். அதையே காட்டிக் காட்டித்தான் அடிச்சாங்களாமா. ஒருத்தன் முதுகுல வெரலை வெச்சு எழுத்து எழுத்தாப் படிச்சுக் காட்டுனானாமா. இவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?

— நீ என்ன சொன்ன?

— நான் என்னங்க சொல்லுவேன்? மண் எங்களது, வந்தேறியே வெளியேறுன்னு எழுதியிருக்குது கண்ணு, அதைத்தான் நீ போட்டுட்டுப் போயிருக்கறன்னு சொல்லட்டுமா? கம்பெனிப் பேருன்னு சொல்லிப் போட்டேன்.

— அதுவும் சரிதான்.

— என்ன சரி? அவன் என்னையே பாத்தான். கம்பெனிப் பேருக்கு எதுக்கு அக்கா அடிக்கணும்னான். போசியக் கழுவறாப்புல பைப்படிக்குப் போயிட்டேன்.

— அம்மிணி, நீ அழுகாத.

— நான் அழுகல. கோவத்துல கண்ணுல தண்ணி வருது. நான் குண்டடத்துக்கு எங்கண்ணன் ஊட்டுக்குக் கோயில் நோம்பிக்குப் போன நாளாப் பாத்துத்தான அந்த டீசர்ட் ஆர்டரை எடுத்தீங்க? நான் இருந்தா வேண்டாம்பேன்னு தெரியும் உங்குளுக்கு.

— அக்கா பையன் வந்து, மாமா, அவசரம், நாலு நாள்ல வேணும்னு நிக்கறான். வெளிய குடுத்தா வெலை சாஸ்தி. பசங்க ஏதோ சங்கத்துக்குக் கேக்கறானுகன்னு ஓட்டிக் குடுத்தேன். ஆர்டர்னா ஆர்டர். முதுகுல என்ன பிரிண்டு போடறதுன்னு வாங்கறவன் சொல்லுவான். நான் ஆரு அதைக் கேக்கறதுக்கு?

— தெச்சதும் அயர்ன் பண்ணதும் மடிச்சுக் கட்டுனதும் ஆருங்க? பூராம் வடக்கத்திப் பசங்க. அவங்களை வெளிய போன்னு எழுதுன சட்டைய அவங்க கையிலயே குடுத்து மடிக்கச் சொல்லியிருக்கீங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்கற ஒரே தைரியத்துல.

— அப்படி யோசிச்செல்லாம் பண்ணல நஞ்சா.

— அண்ணே... மதினியும் இருக்காகளா? அப்ப நான் பொறவு வாரேன்.

— வா காசி. நீ எங்க நழுவற? உள்ள வா.

— இல்ல மதினி, நீங்க ஏதோ குடும்பப் பேச்சு பேசிக்கிட்டு இருக்கீங்க.

— பேச்சே உன்னைப் பத்தினதுதான். நீதான சூப்பர்வைசரு. ரிஜக்ட் பீஸெல்லாம் உன்ற பொறுப்புதான? அந்தப் பையன்கிட்ட அந்தச் சட்டை எப்படிப் போச்சு?

— அண்ணே, ஸ்டேசன்ல இருந்துதேன் வாரேன். முதல்ல அதைச் சொல்லிக்கிறேன்.

— சொல்லு காசி. இன்ஸ்பெக்டரு என்ன சொன்னாரு?

— தரணிப் பய ஆளுக நம்மளுக்கு முந்திப் போயி எழுதிக் குடுத்துட்டாய்ங்கண்ணே. இந்த மங்ரு அவிங்க சங்கத்துச் சட்டைய கம்பெனியில இருந்து களவாண்டு, வேணும்னே போட்டுக்கிட்டு வந்து, பேக்கரி முன்னாடி நின்னு அவிங்களை நக்கல் பண்ணுனானாம். அதுல ஆத்திரம் வந்து தள்ளுமுள்ளு ஆயிருச்சாம்.

— தள்ளுமுள்ளா? தாடை பேந்து கெடக்குது.

— நான் சொல்லல மதினி, அவிங்க எழுதியிருக்குறது அது. களவாண்ட பயங்குறாய்ங்க. இன்ஸ்பெக்டரு என்ன சொல்றாருன்னா, சட்டை கம்பெனிச் சட்டை. கம்பெனி ஓனரு வந்து, ஆமா, நாங்கதேன் குடுத்தோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா திருட்டுப் பேச்சே கெடையாது. அடிச்ச கேஸை மட்டும் எடுத்துக்குருவோம்ங்குறாரு. இல்லாட்டி அந்தப் பய மேலயும் கேஸு வரும்ங்குறாரு. படுக்கையில இருந்து எந்திருச்சதும் நேரா உள்ள.

— ஓனரே வரோணுமாமா?

— வந்தா நல்லதுன்னாரு. இல்லாட்டி தலைவரு அவரு வாயால எங்கயாச்சும் பேசி வெளிய வந்துருச்சுன்னாலும் போதும், நான் பாத்துக்கிறேன்னாரு. பாவம், அவருக்கும் மனசு கேக்கல போல.

— காசி, நான் ஒண்ணு சொல்றேன். நீ போய் எழுதிக் குடுத்துரு. ரிஜக்ட் மூட்டையில கெடந்துச்சு, பையன் தெரியாம எடுத்துப் போட்டுக்கிட்டான், திருட்டெல்லாம் இல்லைன்னு சொல்லிரு. கம்பெனி பேரு வரட்டும். என்ற பேரு வேண்டாம்.

— எடுத்துப் போட்டுக்கிட்டான்னா அது களவுன்னுதானே ஆகும் அண்ணே?

— தெரியாம எடுத்தான்னு சொல்லச் சொல்றேன்.

— சரி, நீங்க சொன்னா சொல்லிர்றேன். எனக்கு என்ன. நீங்க இல்லாட்டி நான் ஏது?

— காசி, இங்க பாரு. அங்க என்ன பாக்கற சன்னலை? என்னையப் பாத்துச் சொல்லு. அந்தப் பையன் மூட்டையில இருந்து எடுத்தானா?

— மதினி, ஒரு டீ சொல்லட்டுமா? காலையில இருந்து ஒண்ணும் குடிக்கல நான்.

— டீ அப்பறம் குடிக்கலாம். நீ குடுத்தியா?

— நானா? நான் எதுக்கு மதினி குடுக்கப் போறேன்? என் பேத்திக்குப் போக மிச்சம் ரிஜக்ட் பீஸை நான் யாருக்குக் குடுத்திருக்கேன்?

— அப்ப ஆரு குடுத்தா?

— அண்ணே, மதினி கேக்குறாக.

— ஏனுங்க. காசி உங்களைப் பாக்கறான். நீங்க காலண்டரைப் பாக்கறீங்க. ரெண்டு பேரும் என்னத்த ஒளிக்கறீங்க?

— நான்தான் குடுத்தேன்.

— நீங்களா?

— பிரிண்டு கோணலா உழுந்த பீஸு ஒண்ணு. தரணி அதை வாங்க மாட்டேன்னுட்டான். எழுத்து எறங்கி இருக்குது மாமா, எங்க படைக்கு அசிங்கம்னான். துணி நல்ல துணி. மங்ரு அங்க அயர்ன் டேபிள்கிட்ட நின்னுட்டு இருந்தான். பனியன் கிழிஞ்சு கெடந்துச்சு. இந்தாடான்னு தூக்கிப் போட்டேன். அவ்வளவுதான். நல்ல மனசுலதான் குடுத்தேன் அம்மிணி.

— முதுகுல இருந்ததைப் படிச்சீங்களா?

— துணியத்தான் பாத்தேன்.

— ஏனுங்க. குடுக்கும்போது படிச்சீங்களா, இல்லீங்களா? எழுத்து கோணலா இருக்குதுன்னு தெரிஞ்சிருக்குதல்ல.

— படிக்காம என்ன. பெருசு பெருசாத்தானே போட்டிருந்தானுக.

— படிச்சுமா குடுத்தீங்க?

— அவனுக்குத் தமிழ் தெரியாதுல்ல. ரூமுக்குள்ள போட்டுக்குவான், ஆரு பாக்கப் போறாங்கன்னு...

— அண்ணே, நான் சொல்லிர்றேன். எனக்கு நெஞ்சுக்குள்ளயே கெடக்கு. மதினி, நாங்க சிரிச்சோம்.

— காசி.

— இருங்கண்ணே. அவன் வாங்கி அங்கயே மாட்டிக்கிட்டான் மதினி. புதுச் சட்டை கெடச்சா புள்ளைக ஒரு சுத்து சுத்திக் காட்டுமில்ல, அந்த மாதிரி சுத்திக் காட்டுனான். அச்சா ஹை மொதலாளி, நல்லா இருக்குன்னான். அண்ணன் என்னையப் பாத்தாரு, நான் அண்ணனைப் பாத்தேன். வந்தேறியே வெளியேறுன்னு எழுதுனதை வந்த பயலே போட்டுக்கிட்டு ஆடுறானேன்னு ரெண்டு பேரும் சிரிச்சோம். எங்க சிரிப்பைப் பாத்து அவனும் சிரிச்சான். சட்டை அவனுக்கு நல்லா இருக்குன்னு நாங்க சிரிக்கிறதா நெனச்சுக்கிட்டான்.

— அதைப் போட்டுட்டுத்தான் பேக்கரிக்குப் போனானா?

— லீவு நாள்ல? அவன்கிட்ட இருக்குற நல்ல சட்டையே அது ஒண்ணுதேன். வேற எதைப் போட்டுக்கிட்டுப் போவான்? ஊருக்கு வீடியோ கால் போட்டு அவங்க ஆத்தாகிட்டக் காட்டியிருக்கான், மொதலாளி குடுத்தாருன்னு. ரூமுல கூட இருக்குற பய சொன்னான்.

— அய்யோ கண்ணு.

— அம்மிணி, நான் என்ன வேணும்னா பண்ணேன்? இப்படி ஆகும்னு ஆரு கண்டா?

— இப்படி ஆகும்னு உங்குளுக்குத் தெரியாதுங்க. ஒத்துக்கறேன். ஆனா ஆனதுக்கப்பறம் தெரியுமில்ல? அந்த மொதல் நாளே தெரியுமில்ல? வீடியோல சட்டையப் பாத்ததுமே இது நான் குடுத்ததுன்னு தெரியுமில்ல? நான் என்னவோ ஓட்டுக்குப் பயந்து பேசாம இருக்கறாரு, அக்கா அழுகறாங்கன்னு பேசாம இருக்கறாருன்னு நெனச்சுட்டு இருக்கறேன்.

— அதுவும்தான். எல்லாமும்தான்.

— அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

— நீயும் சொல்லு. இன்னைக்கு அல்லாரும் சொல்ற நாளு.

— உசிலம்பட்டியில இருந்து ஒரு மஞ்சப் பையைத் தூக்கிக்கிட்டு நான் இந்த ஊருக்கு வந்தப்ப என் வயசும் இந்தப் பய வயசுதேன். எந்த லைன்லயும் வீடு குடுக்கல. தெக்கத்தியான், இடுப்புல கத்தி வச்சிருப்பான்னு சொன்னாய்ங்க. மெஸ்ஸுல சோறு போட மாட்டேன்னாரு அந்த மெஸ்ஸுக்காரரு. என் இலைய எடுத்துட்டாரு. சோத்துல கை வச்ச இலை.

— அது இப்ப எதுக்கு காசி?

— நீங்க அடுத்த பெஞ்சுல உக்காந்திருந்தீக. என்னை யாருன்னே தெரியாது உங்களுக்கு. உங்க இலைய என் முன்னாடி தள்ளி வச்சுட்டு, இவன் சாப்புடாம நானும் எந்திரிக்க மாட்டேன், வேற யாரும் எந்திரிக்கவும் விட மாட்டேன்னு கதவைப் பூட்டிப்புட்டு உக்காந்தீக. அன்னைக்குத்தேன் உங்களை எல்லாரும் தலைவரேன்னு கூப்புட ஆரம்பிச்சாய்ங்க. கட்சி குடுத்த பேரா அது? அந்த மெஸ்ஸுல வந்த பேரு.

— அப்ப வயசு. ஒண்ணும் இல்ல என்கிட்ட. போறதுக்கும் ஒண்ணும் இல்ல.

— அன்னைக்கு ரெண்டு தரப்பும் அமைதி காக்கோணும்னு நீங்க சொல்லியிருந்தீகன்னா நான் அன்னைக்கே பஸ்ஸு ஏறியிருப்பேன்.

— கேட்டீங்களா? நான் சொன்னா பொம்பளை பேசறாங்கறீங்க. காசி சொல்றான்.

— கேக்குது.

— காசி, நீயும் ரொம்பத் துள்ளாத. தெக்கத்தியான்னு இலைய எடுத்தப்ப உனக்கு வலிச்சுதுல்ல? அந்தப் பையன் சட்டையப் போட்டுச் சுத்தறப்ப நீ எதுக்குச் சிரிச்ச?

— அதேன் மதினி. எனக்கே தெரியல. அண்ணன் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். நானும் இந்த ஊருக்காரனா ஆயிட்டேன்னு ஒரு இது. அதை எங்கிட்டுப் போயிச் சொல்ல?

— போதும் ரெண்டு பேரும். இப்ப என்ன பண்ணோணும்னு சொல்லுங்க. நேரா ஸ்டேசனுக்குப் போனா வாசல்லயே நாலு போன் கேமரா நிக்கும்.

— நிக்கட்டுமேங்க.

— வேண்டாம். வார்டு வாட்சப் குரூப்புல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுர்றேன். ஒட்டுக்கா அல்லாரும் கேட்டுக்குவாங்க. இன்ஸ்பெக்டரும் அது போதும்னாருல்ல? காசி, அந்தப் போனை எடு.

— இந்தாங்கண்ணே. குரூப்பைத் தொறந்துட்டேன். மைக்கை அமுக்கிக்கிட்டே பேசுங்க.

— எனக்குத் தெரியாதா? உம். நமது வார்டைச் சேர்ந்த தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர் பட்டாளமே...

— மேடையா இது? ஆரு மாலை போடறாங்க உங்குளுக்கு? அழிங்க அதை.

— பழக்கம் அம்மிணி. வாயத் தொறந்தா அப்படித்தான் வருது. இரு. வணக்கமுங்க, ரத்தினசாமி பேசறேன். சமீபத்துல நம்ம பகுதியில நடந்த ஒரு விரும்பத்தகாத சம்பவம் குறித்து...

— சம்பவம்னு சொல்லாதீங்க. அடிச்சாங்கன்னு சொல்லுங்க.

— அடிச்சது குறித்து... இல்ல, அது நல்லா இல்ல. மறுக்கா. வணக்கமுங்க. நம்ம கம்பெனியில வேலை செய்யற பையன் ஒருத்தனை... ஒரு சில இளைஞர்கள்...

— தரணின்னு சொல்லுங்க.

— அக்கா இந்தக் குரூப்புல இருக்குது நஞ்சா.

— நல்லதாப் போச்சு. தனியாப் போன் பண்ணிச் சொல்ற வேலை மிச்சம்.

— அண்ணே, சும்மா சொல்லுங்க. சட்டைய நான்தேன் குடுத்தேன், பய களவாடல, அடிச்சது தப்பு. இம்புட்டுத்தானே. மூச்சு விடுற நேரத்துல முடிஞ்சுரும்.

— வணக்கமுங்க. ரத்தினசாமி பேசறேன். அந்தச் சட்டைய... அந்தச் சட்டை வந்து... எங்க கம்பெனியில...

— உம். சொல்லுங்க. எங்க கம்பெனியில?

— வர்ல அம்மிணி. வாயி வர்ல. நான் அவன் சுத்திக் காட்டுனதை நெனச்சுப் போட்டேன். வர்ல.

— தண்ணி குடிங்க.

— குடிச்சாலும் வராது. எத்தனை மேடை ஏறியிருக்கறேன். காத்து மழை பாக்காம பேசியிருக்கறேன். இந்த ஒரு வரி வர மாட்டேங்குது.

— குடுங்க போனை.

— எதுக்கு?

— நான் பேசறேன்.

— அது என்ற போனு நஞ்சா. என்ற பேருல போகும்.

— அதான் வேணும். உங்க பேருல போகட்டும். குரலு என்னுதா இருந்தா என்ன?

— காசி, நீயாச்சும் சொல்லுடா.

— நான் என்னத்த அண்ணே சொல்ல? மதினி, மைக்கை அமுக்கி அப்படியே மேல தள்ளி விடுங்க. பூட்டிக்கிரும். வெரலை எடுத்துட்டு நிம்மதியாப் பேசலாம்.

— இப்படியா? ஆமா, ஓடுது. வணக்கமுங்க. கவுன்சிலர் போன்ல இருந்து அவரு சம்சாரம் நஞ்சம்மா பேசறனுங்க. எனக்கு மேடைப் பேச்சு வராது, தப்பா இருந்தாப் பொறுத்துக்கோங்க. பேக்கரி முன்னால ஒரு பையனை அடிச்ச வீடியோவை அல்லாரும் பாத்திருப்பீங்க. அவன் பேரு மங்ருங்க. எங்க கம்பெனியில அயர்ன் பண்றவன். அடிச்சது எங்க நாத்தனா பையன் தரணியும் அவன் கூட்டாளிகளும். அண்ணி, நீங்க கேட்டுட்டு இருப்பீங்கன்னு தெரியும், கோவிச்சுக்காதீங்க. அடிச்சது தப்பு. இதுல ரெண்டு தரப்பெல்லாம் இல்லீங்க, ஒரே தரப்பு தப்புத்தான். அந்தச் சட்டைய அவன் திருடல. அந்தச் சட்டையெல்லாம் எங்க கம்பெனியில தெச்சது. அந்த ஒண்ணை என்ற ஊட்டுக்காரரே எடுத்து அவன்கிட்டக் குடுத்தாரு. முதுகுல இருந்ததைப் படிச்சுப் போட்டுத்தான் குடுத்தாரு. அவரு இங்கதான் பக்கத்துல உக்காந்திருக்கறாரு. நான் பேசப் பேச போனைப் புடுங்கலீங்க. அந்த மட்டுக்கும் நல்ல மனுசன். இன்னும் கொஞ்ச நேரத்துல நான் மறுக்கா ஆசுபத்திரிக்குச் சோறு எடுத்துட்டுப் போகோணும். அக்கா, என் முதுகுல என்ன எழுதியிருந்துச்சுன்னு அந்தப் பையன் இன்னொருக்காக் கேப்பான். கம்பெனிப் பேருன்னு சொன்னேன், அவன் நம்பல. இது அவன் முதுகுல நாம எல்லாரும் எழுதுனதுங்க. நான் அவன்கிட்ட என்னன்னு படிச்சுச் சொல்லட்டும்? இந்தக் குரூப்புல கை கூப்பற பொம்மையைப் போட்டு உட்டுட்டுப் போயிடாதீங்க சாமி. கேட்டவங்க ஒவ்வொருத்தரும் வாயத் தொறந்து எனக்குப் பதில் சொல்லுங்க.